சில்லுகள் ஆடிய நடனம்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே எழுதுகின்றனர். எத்தனை குதிரைவலு, எத்தனை மைல் வேகம் என்பனவே அங்குப் பேசப்படும். ஆயின் 1920ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொறியியலாளரை உறங்கவிடாத வினா எஞ்சினைப் பற்றியதன்று. அது வண்டியின் முன்சில்லுகளைப் பற்றியது.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி ஒரு குறித்த வேகத்தை எட்டியபின் சிறு பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறும். உடனே முன்சில்லுகள் இரண்டும் இடமும் வலமுமாகத் துடிக்கத் தொடங்கும். சுக்கான் சாரதியின் கைகளை உதறும். வேகத்தைக் குறைத்தாலன்றி ஆட்டம் அடங்காது. பிடி தளர்ந்தால் வண்டி பாதையை விட்டே விலகும். தோள்களைக் குலுக்கி ஆடும் ‘ஷிமி’ என்னும் நடனம் அக்காலத்தில் அமெரிக்காவில் பெயர்பெற்றிருந்தது. அப்பெயரையே இந்நோய்க்கும் சூட்டினர். பெயர் வேடிக்கையானது, நோய் அத்தகையதன்று.

இந்நோய் அவ்வாண்டுகளில் ஏன் பெருகிற்று? நன்மைக்கென வந்த இரண்டு புதுமைகளே அதற்குக் காரணமாயின. 1923ஆம் ஆண்டில் பயர்ஸ்ரோன் நிறுவனம் ‘பலூன்’ ரயரை வெளியிட்டது. பழைய ரயர்களில் அடைத்த காற்றழுத்தத்தில் ஏறக்குறையப் பாதியே இதற்குப் போதுமானது. பயணம் மெத்தென்றாயிற்று, ஆயின் ரயர் பக்கவாட்டிலும் எளிதில் வளைந்தது. அதே காலத்தில் முன்சில்லுகளுக்கும் பிரேக் பூட்டும் வழக்கம் பரவியது. 1924ஆம் ஆண்டுக்குரிய பியூக் வண்டிகளில் நான்கு சில்லுகளுக்கும் பிரேக் இருந்தது. உயிர்காக்கும் அந்த ஏற்பாடே முன்னச்சின் நுனிகளிற் பாரத்தையும் கூட்டியது.

பட்டறைக்காரர் முதலில் ஐயுற்றது தளர்ந்த மூட்டுகளையே. அவற்றை இறுக்கினர், சுக்கானில் உராய்வைக் கூட்டினர். ஆட்டம் சில காலம் மறைந்து மீண்டும் வந்தது. தேய்வு நோயை வளர்த்தது உண்மையே. ஆயினும் நோயின் வேர் அங்கில்லை.

வேரைத் தேடியவர்களுள் முன்னோடி புரூலியே என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர். பக்கவாட்டில் தள்ளப்பட்ட ரயர், தான் நோக்கும் திசையில் நேராக உருளாது சற்றுச் சாய்வான வழியிலேயே உருளும் என்பதை அவர் 1925ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். ரயரைப் பற்றிய பிற்கால அறிவியல் அனைத்தும் அந்த ஒரு கருத்தின்மீதே எழுந்தது எனலாம்.

மற்றொரு காரணம் சுழற்சியிலே இருந்தது. வேகமாய்ச் சுழலும் சைக்கிள் சில்லொன்றை அச்சின் இரு முனைகளிலும் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால், அது சாய்வதோடு நில்லாமல் பக்கமாகத் திரும்பவும் முயலும். அன்றைய வண்டியின் முன்னச்சு ஒரே நீண்ட இரும்புத் தண்டு. ஒரு சில்லு மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாயும். சாய்வு சில்லுகளைத் திருப்பும். திரும்பல் மீண்டும் அச்சைச் சாய்க்கும். வண்டியின் வேகம் இவ்வாட்டத்தின் இயல்பான தாளத்தோடு ஒத்துவிட்டால் ஒன்றை ஒன்று வளர்க்கும். ஆகவே எவ்வளவு இறுக்கியும் பயனில்லை, தண்டையே பிரித்தாகவேண்டும்.

அதனைச் செய்வித்தவருள் முதன்மையானவர் மொறிஸ் ஒல்லி. றோல்ஸ் றொய்ஸ் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையிற் பணிபுரிந்த இவர், 1930ஆம் ஆண்டில் கடிலக் நிறுவனத்திற் சேர்ந்தார். இடம்மாற்றக்கூடிய பாரங்களை வண்டியின் முன்னும் பின்னும் ஏற்றி, 1932ஆம் ஆண்டில் அவர் நடத்திய சோதனை புகழ்பெற்றது. அளவு கருவிகளை நம்பாது, வண்டியில் அமர்ந்தவரின் உடலுணர்வையே அவர் நீதிபதியாக்கினார். முன்வில்லுகள் பின்வில்லுகளினும் மென்மையாயிருந்தால் பயணம் இனிதாகும் என்று கண்டார். ஆனால் முன்வில்லை மென்மையாக்கியதும் ஷிமி கடுமையாயிற்று. இன்பமும் ஆபத்தும் ஒரே வில்லில் தொங்கின. விளைவாக, சில்லு ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்து தாழும் முன்னமைப்பு, 1934ஆம் ஆண்டின் ஜெனறல் மோட்டேர்ஸ் வண்டிகள் பலவற்றில் இடம்பெற்றது.

பேராட்டம் அடங்கியபின் சிறு அதிர்வு வெளிப்பட்டது. பெருங்காய்ச்சல் தணிந்தபின்னரே தலைவலி தெரியும் அல்லவா? சில்லின் விளிம்பில் ஓரிடத்தில் 30 கிராம் நிறை கூடியிருந்தாற்கூட, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ ஐந்து கிலோகிராம் எடைக்கு நிகரான விசையோடு, நொடிக்குப் பதினான்கு முறைக்கு மேல் அச்சை உலுக்கும். வேகம் இருமடங்கானால் விசை நான்மடங்காகும். எதிர்ப்புறத்தில் சிறு உலோகத் துண்டு பொருத்திச் சமன்செய்வது இதற்காகவே. சுக்கான் நடுங்கினால் முன்சில்லையும், இருக்கை நடுங்கினால் பின்சில்லையும் முதலிற் சோதிப்பது தொழிலறிந்தோர் வழக்கம். ஓடும்போதே எஞ்சினைச் சில்லுகளினின்று விடுவித்தும் நடுக்கம் நீடிக்குமாயின், எஞ்சின்மீது வீண்பழி சுமத்த வேண்டியதில்லை.

ஒற்றைத் தண்டு முன்னச்சு முற்றாக மறையவில்லை. கரடுமுரடான நிலத்தில் ஓடும் ஜீப் வகை வண்டிகள் சிலவற்றில் அது இன்றும் உண்டு; மூட்டுத் தேய்ந்த நிலையில் அவை நெடுஞ்சாலையில் விரையும்போது, 1920ஆம் ஆண்டுகளின் அதே நடனத்தை ஆடுகின்றன.