கோடரி பிசகியிருந்தால்?

‘பிரேவ்ஹார்ட்’ படம் பார்த்த ஆக்களுக்கு அதின்ர முடிவு ஞாபகம் இருக்கும். வில்லியம் வொலஸ் செத்தபிறகு, ரொபேர்ட் புரூஸ் பனொக்பேர்ன் களத்தில் இறங்குவார். படம் அதோட முடிஞ்சிடும். ஆனால் அந்தச் சண்டையின் முதல் நாளே புரூஸ் செத்திருக்கக்கூடிய ஒரு கணம் இருந்தது. அவர் அப்ப செத்திருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு கொஞ்சம் யோசிச்சுப் பாப்பம்.

1314 ஜூன் 23. ஸ்டேர்லிங் கோட்டை ஆங்கிலேயர் கையில் இருந்தது. அடுத்த நாளுக்குள் உதவிப்படை வராவிட்டால் அதை ஸ்கொட்லாந்திடம் ஒப்படைப்பதாக ஒப்பந்தம். ஆகவே இங்கிலாந்து அரசர் இரண்டாம் எட்வேர்ட் பெரும்படையோடு வந்தார். அந்தப் படையின் முன்னணியில் வந்த ஹென்றி டி பூன் என்ற வீரன், சின்னக் குதிரையில் தன் ஆக்களுக்கு முன்னால் நின்ற புரூசைக் கண்டான். ஈட்டியை நீட்டிக்கொண்டு நேரே பாய்ந்தான். புரூஸ் சட்டென்று விலகி, கோடரியால் அவன் தலையைப் பிளந்தார். ‘அரசர் இப்படி உயிரைப் பணயம் வைக்கலாமா’ என்று தளபதிகள் கடிந்துகொள்ள, நல்ல கோடரி முறிஞ்சுபோச்சே எண்டுதான் அவர் கவலைப்பட்டாராம். சுமார் அறுபது வருசத்துக்குப் பிறகு ஜோன் பார்பர் என்ற புலவர் பாடின கதை இது.

தளபதிகளின் பயம் நியாயமானது. புரூசின் நாலு தம்பிமாரில் மூன்று பேரை ஆங்கிலேயர் ஏற்கெனவே கொன்றிருந்தார்கள். மனைவியும் ஒரே மகள் மார்ஜரியும் இங்கிலாந்தில் கைதிகள். மிஞ்சியிருந்தது தம்பி எட்வேர்ட் புரூஸ். துணிச்சல்காரர், ஆனால் அவசரக்காரர். பெரிய ஆங்கிலப் படையை வரவழைத்த அந்தக் கோட்டை ஒப்பந்தமே அவர் செய்ததுதான். அடுத்த வருசம் அயர்லாந்துக்குப் படையெடுத்துப் போனவர், 1318இல் அங்கேயே களத்தில் செத்தார்.

அன்றிரவு இன்னொன்றும் நடந்தது. ஆங்கிலப் படையில் இருந்த அலெக்சாண்டர் சீற்றன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் புரூசிடம் வந்து, எதிரி மனமுடைஞ்சு போயிருக்கிறான், நாளைக்கு அடிச்சால் வெல்லலாம் என்றார். பின்வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்த புரூஸ், அதைக் கேட்டுத்தான் துணிந்தார். அரசரை இழந்து நின்ற படையிடம் சீற்றன் வந்திருப்பாரா? எங்களுக்கு அது சந்தேகம்தான்.

அடுத்த நாள் வெற்றி. பிடிபட்ட ஹெரிபோர்ட் பிரபு, செத்த ஹென்றியின் உறவினர், கைதி மாற்றத்தில் போக, மார்ஜரி வீடு திரும்பினார். வோல்டர் ஸ்டுவேர்ட்டைக் கலியாணம் கட்டினார். அவர்களின் மகன்தான் 1371இல் முடிசூடிய முதல் ஸ்டுவேர்ட் அரசர். 1603இல் இரண்டு நாட்டு முடியையும் ஒருசேரச் சூடிய ஆறாம் ஜேம்ஸும் இந்த வழிதான்.

அப்ப ஒரு நாட்டின் தலைவிதி ஒரு கோடரி வீச்சில்தான் தொங்கினதா? பாதிதான் சரி எண்டு நினைக்கிறம். ஏனெண்டால் புரூஸ் இல்லாத ஸ்கொட்லாந்து எப்படி இருக்கும் என்பதை வரலாறே பிறகு காட்டியது. 1329இல் புரூஸ் இறந்தபோது மகன் டேவிட்டுக்கு ஐந்து வயது. 1332இல் எட்வேர்ட் பேலியல் கடல்வழியாக வந்து, டப்ளின் மூரில் வென்று, முடிசூடினார். அவரோடு வந்தவர்களில் பலர் புரூஸ் ஆட்சியில் காணி இழந்தவர்கள். சிறுவன் டேவிட்டைப் பிரான்சுக்கு அனுப்பவேண்டி வந்தது. எண்டாலும் அரசு அழியவில்லை. அவர் பேரில் மற்றவர்கள் போராடினார்கள், 1341இல் டேவிட் திரும்பினார்.

1314இல் இது நடந்திருக்குமா? அப்போது புரூசின் உரிமையே சர்ச்சைக்குரியது. 1306இல் போட்டியாளர் ஜோன் கொமினைத் தேவாலயத்தில் வைத்துக் கொன்றுவிட்டு முடிசூடினவர் அவர். கொமின் உறவினர் பலர் ஆங்கிலேயர் பக்கம். பிறகு கிடைத்த பதினைந்து வருசத்தில்தான் அத்திவாரம் இறுகியது. 1320இல் பிரபுக்கள் பாப்பரசருக்கு எழுதின ஆப்ரோத் கடிதம் வந்தது. 1328 உடன்படிக்கையில் இங்கிலாந்தே ஸ்கொட்லாந்தைத் தனிநாடாக ஏற்றது.

‘அரசன் செத்திருந்தால்’ என்று கேட்கும்போது நாங்கள் அரசனை மட்டுமே பார்க்கிறம். அவர் விழுகிற அன்று அவரில்லாமல் எது நிற்கும் என்பதையும் கேட்கவேணும். ஆப்ரோத் கடிதத்தில் அந்தப் பிரபுக்கள் அதற்கு ஒரு பதில் எழுதி வைத்தார்கள்: புரூசே எங்களை இங்கிலாந்துக்கு அடிபணிய வைக்கப் பார்த்தால், அவரைத் துரத்திவிட்டு வேறொருவரை அரசராக்குவோம்.