ஒரு கடிதத்தில் வெளியேறிய மொராக்கோ, திரும்பி வர 32 ஆண்டுகள்!

ஒரு நாடு ஒரு சர்வதேச அமைப்பை விட்டு வெளியேற ஒரு கடிதம் போதும். அதே நாடு மறுபடி உள்ளே வர வேண்டும் என்றால்? அது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு மொராக்கோவும் ஆப்பிரிக்க ஒன்றியமும் நல்ல உதாரணம்.

ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1963-ல் தொடங்கியது. அதன் தொடக்க கால உறுப்பினர்களில் மொராக்கோவும் ஒன்று. பிரச்சனை மேற்கு சகாராவில் ஆரம்பித்தது. ஸ்பெயினின் காலனியாக இருந்த அந்தப் பாலைவனப் பகுதியை மொராக்கோ தன்னுடையது என்றது. 1975 நவம்பரில் மன்னர் இரண்டாம் ஹசன் சுமார் மூன்றரை லட்சம் மக்களை எல்லை தாண்டி நடக்க வைத்தார். அதுதான் 'பசுமைப் பேரணி'. அங்கே சுதந்திரம் கேட்டுப் போராடிய பொலிசாரியோ இயக்கமோ 1976-ல் சஹ்ராவி அரபு ஜனநாயகக் குடியரசு என்ற தனி நாட்டை அறிவித்தது. பக்கத்து நாடான அல்ஜீரியா அதற்குத் துணை நின்றது.

இந்தப் புதிய நாட்டை 1982-ல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு உறுப்பினராகச் சேர்த்தது. பெரிய கூச்சல் குழப்பம்! கடைசியில் 1984 நவம்பரில், அடிஸ் அபாபா மாநாட்டில் சஹ்ராவி பிரதிநிதிகள் இருக்கையில் அமர்ந்தார்கள். அன்றே மொராக்கோ வெளியேறுவதாக அறிவித்தது.

'நாம் இல்லாமல் இவர்கள் என்ன செய்துவிடுவார்கள்' என்ற எண்ணம் ரபாத்தில் இருந்திருக்கலாம். 1987-ல் மொராக்கோ ஐரோப்பிய சமூகத்தில் சேர விண்ணப்பித்தது. 'நீங்கள் ஐரோப்பிய நாடு இல்லையே' என்ற காரணத்தால் அது நிராகரிக்கப்பட்டது. சொந்த வீட்டை விட்டு வந்தாயிற்று, பக்கத்து வீட்டிலும் கதவு திறக்கவில்லை!

ஆப்பிரிக்காவோடு உறவு முழுதாக அறுந்துவிடவில்லை என்பது உண்மை. ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியில் மொராக்கோ தொடர்ந்தது. 1988-ல் ஆப்பிரிக்கக் கோப்பை கால்பந்துப் போட்டியைக்கூட நடத்தியது. ஆனால் அரசியல் முடிவுகள் எடுக்கும் மேசையில் அதன் நாற்காலி காலி. எதிர்த்தரப்பான சஹ்ராவி அரசு ஒவ்வொரு மாநாட்டிலும் உட்கார்ந்து தன் வழக்கைப் பேசியது. பதில் சொல்ல ஆள் இல்லை.

இதற்கிடையே அமைப்பே மாறிவிட்டது. 2002-ல் பழைய அமைப்பின் இடத்தில் ஆப்பிரிக்க ஒன்றியம் வந்தது. புதிய சாசனம், புதிய விதிகள்... எதையும் எழுதும்போது மொராக்கோ அங்கே இல்லை. வெளியே போனவர்களுக்கென்று தனிக் கதவு எதுவும் அந்தச் சாசனத்தில் கிடையாது. புது நாடு போலவே விண்ணப்பித்து, உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வாங்க வேண்டும்.

இரண்டாம் ஹசனின் மகன் ஆறாம் முகமது 1999-ல் மன்னரானார். அவர் வேறு வழியில் போனார். வங்கி, தொலைபேசி, உரம் என்று மொராக்கோவின் வணிகம் ஆப்பிரிக்கா முழுவதும் பரவியது. 2016 நவம்பரில் எத்தியோப்பியாவில் சுமார் 370 கோடி டாலர் மதிப்பில் உரத் தொழிற்சாலை அமைக்க ஒப்பந்தம். அடுத்த மாதமே நைஜீரியாவோடு எரிவாயுக் குழாய்த் திட்டம். இந்த இரண்டு நாடுகளும் முன்பே சஹ்ராவி குடியரசை அங்கீகரித்தவை என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

2016 ஜூலையில் கிகாலி மாநாட்டுக்கு மன்னர் கடிதம் அனுப்பினார். அதே சமயம் 28 நாடுகள் சஹ்ராவி குடியரசை இடைநீக்கம் செய்யக் கேட்டன. அது நடக்கவில்லை. செப்டம்பரில் முறையான விண்ணப்பம் போனது. அதை உறுப்பு நாடுகளுக்கு அனுப்பாமல் ஒன்றிய ஆணையம் தாமதிக்கிறது என்று மொராக்கோ புகார் சொன்னது. இன்னொரு உறுப்பு நாட்டின் நிலத்தை வைத்திருக்கும் நாட்டைச் சேர்க்கலாமா என்று சில நாடுகள் சட்ட விளக்கம் கேட்டன. 2017 ஜனவரி 30 அன்று, மொத்தம் 54-ல் 39 நாடுகளின் ஆதரவோடு மொராக்கோ உள்ளே வந்தது. இடம்? அதே அடிஸ் அபாபா!

ஆனால் எந்த நாற்காலியைப் பார்த்து எழுந்து போனதோ, அந்த நாற்காலி அங்கேயேதான் இருந்தது. சஹ்ராவி குடியரசு இன்றும் ஒன்றியத்தின் உறுப்பினர். சுதந்திரத்தின்போது இருந்த எல்லைகளை மதிக்க வேண்டும் என்று சொல்லும் சாசனத்தில் மொராக்கோ கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 1984-ல் மறுத்ததை 2017-ல் பொறுத்துக்கொண்டது.

அப்படியானால் லாபமே இல்லையா? இருக்கிறது. 2018-ல் நுவாக்சோட் மாநாட்டில், மேற்கு சகாரா விஷயத்தில் ஐ.நா.வின் முயற்சிக்குத் துணை நிற்பதோடு ஒன்றியம் தன் பங்கைச் சுருக்கிக்கொண்டது. மொராக்கோ விரும்பியதும் இதுதான். வெளியே நின்று 32 ஆண்டுகளில் சாதிக்காததை, உள்ளே வந்து ஒன்றரை ஆண்டில் ஓரளவு சாதித்தது. அல்ஜீரியாவின் திண்டூஃப் அருகே அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்த சஹ்ராவி தலைமுறைக்குத்தான் இன்னும் விடிவு இல்லை.

2025 ஜனவரியில் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகள் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகத்தை விட்டு வெளியேறின. கோபத்துக்கு அவர்களிடம் காரணங்கள் இருக்கலாம். ஆனால் நாம் எழுந்து போனதும் கூட்டம் கலைந்துவிடுவதில்லை, நம்மைப் பற்றிய முடிவுகளையும் அது எடுத்துக்கொண்டேதான் இருக்கும். மொராக்கோ இதைப் புரிந்துகொள்ள ஒரு தலைமுறை ஆனது.