பத்து நிமிட ஊதா

டைஃபீனைல்கார்பசைடு என்று ஒரு வெள்ளைத் தூள். அசிட்டோனில் கரைத்துப் பழுப்புப் புட்டியில் வைத்திருப்போம். கரைசல் நிறம் மாறியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் அளவாகக் கந்தக அமிலம் விட்டு, இந்தக் கரைசலில் இரண்டு மில்லி சேர்த்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்போம். தண்ணீரில் நஞ்சான குரோமியம் இருந்தால் சிவப்பு ஓடிய ஊதா நிறம் மெல்ல எழும்பி வரும். 1988-இல் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலைக்குச் சேர்ந்த நான், ஓய்வுபெறும் வரை அந்தப் பத்து நிமிடத்தை ஆயிரக்கணக்கான முறை காத்திருந்து கழித்தவள். இந்த நிறமாற்றத்தை முதலில் கண்டு சொன்னவர் பால் காசனவ் என்ற பிரெஞ்சு வேதியியலர், ஆண்டு 1900. இன்றும் அதே தூள்தான், அதே ஊதாதான்.

குரோமியத்தின் கதையே நிறத்தில்தான் தொடங்குகிறது. 1797-இல் சைபீரியாவின் சிவப்பு ஈயத் தாதுவிலிருந்து அதைக் கண்டுபிடித்தவர் வோக்லான். அதன் உப்புகள் காட்டிய விதவிதமான வண்ணங்களைப் பார்த்து, நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள். நிறத்தால் பெயர் பெற்றதை நிறத்தாலேயே பிடிக்கிறோம் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு நிறைவு உண்டு.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர், கருவியைத் தொடவிடுவதற்கு முன் மூன்று மாதம் நெஸ்லர் குழாய்களோடு உட்கார வைத்தார். அடி தட்டையான, உயரமான கண்ணாடிக் குழாய்கள். ஐம்பது மில்லி கோடு வரை ஊற்றி, வெள்ளை ஓட்டின் மேல் வரிசையாக நிறுத்தி, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அளவு தெரிந்த ஸ்டாண்டர்டுகள் ஒரு வரிசை. நடுவில் ஊர் தெரியாத சாம்பிள். எந்தக் குழாயின் நிறத்தோடு ஒத்துப்போகிறதோ அதுதான் அளவு. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில், மதியத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் விதி. சாயங்கால வெயிலில் மஞ்சள் ஏறிவிடும், ஊதா பொய் சொல்லும் என்பார்.

ஸ்பெக்ட்ரோ என்று நாங்கள் சொல்லும் அந்தக் கருவி செய்வதும் அதே வேலைதான். கண்ணின் இடத்தில் ஒளிமின் கலம், ஜன்னலின் இடத்தில் ஒரு விளக்கு. 540 நானோமீட்டர் பச்சை ஒளியை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு சென்டிமீட்டர் அகலக் குவளை வழியே அனுப்புகிறோம். ஊதாக் கரைசல் பச்சையை விழுங்கும். எவ்வளவு விழுங்கியது என்பதை வைத்து எவ்வளவு குரோமியம் என்று கணக்கிடுகிறோம். இந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் பூகே, 1729-இல். 1760-இல் லாம்பர்ட் அதைச் சூத்திரமாக்கினார். 1852-இல் பேர் என்பவர், நிறமேறிய உப்புக் கரைசல்களில் அளந்து பார்த்து, கரைந்திருக்கும் பொருளின் அளவையும் அந்தக் கணக்கோடு முடிச்சுப் போட்டார்.

தண்ணீருக்கும் நிறமாலைக்கும் உள்ள உறவு இன்னொரு வழியிலும் பழையது. 1860-இல் ஹைடல்பெர்க்கில் புன்சனும் கிர்க்காஃபும் தாங்கள் புதிதாக அமைத்த நிறமாலைமானியால் முதன்முதலில் கண்டுபிடித்த தனிமம் சீசியம். அது கிடைத்த இடம் டுர்க்ஹைம் ஊற்றுத் தண்ணீர். தண்ணீரை வற்றவைத்துச் சுடரில் காட்டியபோது, அதுவரை எவரும் பார்த்திராத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு அந்த உப்பைச் சேர்க்க, புன்சன் நாற்பது டன் அளவுக்குத் தண்ணீரைக் காய்ச்ச வேண்டியிருந்தது. ஒளி ஒரு சொட்டில் கண்டதைக் கைக்குக் கொண்டுவர அவ்வளவு பாடு.

சுடரில் அணுக்கள் உமிழும் ஒளியை மட்டுமல்ல, அவை விழுங்கும் ஒளியையும் கிர்க்காஃப் அப்போதே விளக்கிவிட்டார். ஆனால் விழுங்கும் ஒளியை வைத்து உலோகங்களை அளக்கலாம் என்பது ஏறக்குறைய 90 ஆண்டுகள் சும்மா கிடந்தது. 1952-இல் மெல்போர்னில் ஆலன் வால்ஷுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டவேலையின் நடுவே தோன்றியது. 1955-இல் கட்டுரையாக வெளிவந்தது. ஏஏஎஸ் என்று நாங்கள் சொல்லும் கருவி அதுதான். குரோமியத்தை அளக்கக் குரோமியம் விளக்கு, ஈயத்துக்கு ஈய விளக்கு. சுடருக்குள் போன தண்ணீரில் எல்லாச் சேர்மமும் உடைந்து வெறும் அணுவாகிவிடும். அதன் பலமும் குறையும் அதுதான்.

எங்கள் பாலாற்றங்கரையில் அந்தக் குறை பெரிய விஷயம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் ஒரு காலத்தில் தோலைப் பதனிட ஆவாரம்பட்டைதான். குரோம் பதனிடும் முறைக்கு 1884-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதைச் சென்னையில் சோதித்துப் பார்த்தார். ஆனாலும் அது இங்கே பரவலானது 1970-களில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு போட்டபோதுதான். பட்டை போடும் குழிகள் இருந்த இடத்தில் நீலத் தோல் சுழலும் டிரம்கள் வந்தன.

ஷாப்புகளில் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். கூடத்துப் பேச்சில் குரோம் த்ரீ. அது சாதாரண நிலத்தடி நீரில் எளிதில் கரையாது, வண்டலாகப் படிந்துவிடும். குரோமேட் ஆலைகளின் கழிவில் இருப்பதோ ஆறு இணைதிறன் கொண்ட குரோம் சிக்ஸ். அது கரையும், ஓடும், புற்றுநோயையும் உண்டாக்கும். ஏஏஎஸ் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுக்கும். எது எது என்று பிரித்துச் சொல்வது அந்த 1900-ஆம் வருடத்து ஊதாதான்.

1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஷாப்புகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்ற கணக்கும், திண்டுக்கல் பக்கம் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது அது. கெடுத்தவர் யார் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். எங்கள் மேசையிலிருந்து போகும் தாள் அந்தச் சாட்சிகளில் ஒன்று.

அதற்கு அடுத்த வருடப் பொங்கல் முடிந்து வந்த ஒரு பாட்டிலை நான் மறக்கவில்லை. ராணிப்பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவரின் கிணறு. ஏஏஎஸ்ஸில் குரோமியம் ஏராளம். டைஃபீனைல்கார்பசைடு விட்டால் ஊதா எழவே இல்லை. அப்படியானால் இருப்பது அத்தனையும் குரோம் த்ரீ என்று எழுத வேண்டும். தாளில் கைவைத்தபோது உறுத்தியது. வடிகட்டிய, கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீரில் இவ்வளவு குரோம் த்ரீ எப்படிக் கரைந்து நிற்கும்? பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். உலோகச் சாம்பிள்களுக்கு வழக்கமாகச் செய்வதுபோல், எடுத்த இடத்திலேயே நைட்ரிக் அமிலம் விட்டு அனுப்பியிருந்தார்கள். அமிலத்தில், தண்ணீரில் இருக்கும் கரிமப் பொருளோடு சேர்ந்து நாள்கணக்கில் கிடந்தால் சிக்ஸ் மெல்ல மெல்லத் த்ரீயாக இறங்கிவிடும். விடுமுறை வேறு, ஒரு வாரம் அப்படியே கிடந்திருக்கிறது. அந்தத் தாள் போயிருந்தால் குற்றம் வேறு யார் மேலோ விழுந்திருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை என்றும் ஆகியிருக்கும். அமிலம் விட்டவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

அமிலம் விடாமல் புதிதாகத் தண்ணீர் எடுத்துத் தரச் சொல்லிச் சேதி அனுப்பினோம். மறுநாள் அந்தப் பெரியவரே பஸ்ஸில் வந்தார், ஐஸ்கட்டி நிரப்பிய தூக்குவாளிக்குள் பாட்டிலோடு.

“பாக்கறதுக்கு நல்லாத்தாம்மா இருக்குது. மாடுதான் மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது,” என்றார்.

“உக்காருங்க ஐயா, பத்தே நிமிஷம்,” என்றேன்.

அமிலம், தூள் கரைசல், கடிகாரம். நான்காவது நிமிடத்திலேயே குவளையில் ஊதா எழும்பத் தொடங்கியது. ஸ்பெக்ட்ரோவில் வைக்குமுன் ஒரு நெஸ்லர் குழாயில் ஊற்றி வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். பெரியவரும் பின்னாலேயே வந்து, நான் குனிந்தது போலவே குனிந்து பார்த்தார்.

“கத்திரிப்பூ கலருல்ல,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இது எங்க கெணத்துலயே இருந்ததாம்மா? எத்தினி வருசமா?” என்று கேட்டார்.