பந்தாடக் கற்பித்த பள்ளி ஆசிரியர்



இந்தியக் கால்பந்தாட்டத்தின் பொற்காலம் எது என்று வினவினால், 1951 முதல் 1962 வரையுள்ள காலம் என்றே அறிந்தோர் விடை கூறுவர். அப்பொற்காலத்தை உருவாக்கியவர் ஐதராபாத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஓர் ஆசிரியர். சையது அப்துல் ரகீம் என்பது அவர் பெயர்.

ரகீம் 1909ஆம் ஆண்டில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்ற நாளிலேயே சிறந்த ஆட்டக்காரராய் விளங்கினார். பின்னர் ஆசிரியப் பணியை ஏற்று, உடற்கல்வியிலும் பட்டயம் பெற்றார். 1943இல் ஐதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளரானார். அவர் பயிற்றிய ஐதராபாத் நகரக் காவல்துறை அணி, 1950 தொடங்கித் தொடர்ந்து ஐந்தாண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

அவர் கையாண்ட முறைகள் யாவும் வகுப்பறையில் பிறந்தவை. பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதைத் தடுக்க, பந்தை உருட்டிச் செல்லவே கூடாது என்ற விதியுடன் போட்டிகள் நடத்தினார். பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்றும் போட்டிகள் வைத்தார். நான் வாழும் அசோக் நகரில் மாலை வேளையில் பந்தாடும் சிறுவர்களைக் கண்டால் இதன் அருமை விளங்கும். வலக்கால் பழக்கமுள்ள பையன், பந்து இடப்பக்கம் வந்தாலும் சுற்றி வந்து வலக்காலாலேயே உதைப்பான். அதற்குள் பந்து பறிபோய்விடும். மாணவனுக்கு எது வராதோ அதையே பயிற்சியாக்குவது நல்லாசிரியரின் இயல்பு அன்றோ?

1951இல் புது தில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், ரகீம் பயிற்றிய இந்திய அணி இறுதியாட்டத்தில் ஈரானை வென்று தங்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கில் தோற்றது. குளிர் மிகுந்த அந்நாட்டில் நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். இத்தோல்விக்குப் பின்னரே காலணி அணிந்து ஆடுவது நம் நாட்டில் கட்டாயமாயிற்று. ரகீமோ தோல்வியைப் பாடமாகக் கொண்டார். அக்காலத்தில் உலகையே வியக்கவைத்த ஹங்கேரியரின் ஆட்டமுறையை நுணுகி ஆராய்ந்து, அதன் கூறுகளைத் தம் வீரர்களுக்குக் கற்பித்தார்.

அதன் பயன் 1956இல் மெல்போர்னில் தெரிந்தது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடிக்க, இந்தியா ஆஸ்திரேலியாவை 4–2 என வென்று ஒலிம்பிக் அரையிறுதியை அடைந்தது. ஆசிய நாடு ஒன்று அந்நிலையை எய்தியது அதுவே முதன்முறை. இறுதியில் நமக்கு நான்காமிடம் கிட்டியது.

1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றபோது ரகீமின் உடலை நுரையீரல் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் தோற்றது. தாய்லாந்துடன் ஆடியபோது தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையலிட நேர்ந்தது. வேறொருவராயின் அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பர். ரகீமோ அவரை முன்வரிசையில் நிறுத்தி ஆடச் செய்தார்.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. இஸ்ரேலும் தைவானும் போட்டிக்கு அனுமதிக்கப்படாததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால், பெருந்திரளான கூட்டம் நம் அணியை இகழ்ந்து கூச்சலிட்டது. அவ்வேளையில் நமக்காகக் குரல் கொடுத்தோர் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று நம் ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தனர். பி. கே. பானர்ஜி ஒரு கோல் அடித்தார். தலைக்காயத்துடன் ஆடிய ஜர்னைல் சிங் மற்றொன்று அடித்தார். கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். 2–1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. ஆடவர் கால்பந்தில் ஆசியத் தங்கம் அதன் பின்னர் நமக்குக் கிட்டவேயில்லை. 1963 ஜூன் திங்களில் ரகீம் காலமானார்.

அவர் புகழ் நெடுங்காலம் மங்கியே கிடந்தது. 2024இல் 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்த பின்னரே இளைஞர் பலர் அவர் பெயரைக் கேள்வியுற்றனர். ஆயினும் ஆசிரியனின் உண்மையான நினைவுச்சின்னம் அவன் மாணவர்களே. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ரகீமின் அணியில் ஆடி, பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் அடித்தவர் தஞ்சையில் பிறந்த சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்றளவும் அதுவே. அதே சுந்தரராஜ் பின்னாளில் பயிற்சியாளராகி, 1973இல் கேரள அணி முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வெல்ல வழிகாட்டினார். பி. கே. பானர்ஜியும் கல்கத்தாவின் பெரும் அணிகளைப் பயிற்றிப் புகழ் பெற்றார்.

ஆடுவோர் பலர், ஆடக் கற்பிப்போர் சிலர், கற்பிப்போரையும் உருவாக்குவோர் மிகச் சிலரே. மாணவர்களே, நீங்கள் நன்றாக ஆடுங்கள். ஆடக் கற்றதை ஒருநாள் உம்மினும் இளைய ஒருவனுக்குக் கற்றுக் கொடுங்கள். ரகீம் என்னும் பள்ளி ஆசிரியருக்கு நாம் செலுத்தத்தக்க கடன் அதுவே.