நூறு ரூபாவில எங்கட ஊர், ரெண்டு ரூபாவில ஒரு மீன்

உங்கட பொக்கற்றில நூறு ரூபா தாள் ஒண்டு இருந்தா எடுத்துப் பாருங்க. 2010 எண்டு திகதி போட்ட, செம்மஞ்சள் நிறத் தாள். அதில நீர்வீழ்ச்சியோட சேர்ந்து நிக்கிற கட்டடம், கற்பிட்டிக்குப் போற வழியில இருக்கிற எங்கட நுரைச்சோலை அனல் மின் நிலையம்தான். ஓரத்தில ஒரு குருவியும் ஒரு வண்ணத்துப்பூச்சியும். தினமும் கையில புழங்கும் இந்தக் குருவி எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்டதே இல்லை.

நண்பர் ஒருவரின் உம்மும்மாவுடைய பிஸ்கட் டின்னுக்குள்ளதான் பதில் கிடைத்தது: சிவப்பு நிற ரெண்டு ரூபா தாள், 1979. முன்பக்கத்தில் ஒரு மீன். பின்பக்கம் நெடுக்காக அச்சாகியிருந்தது. தாளைத் திருப்பிப் பிடித்தால்தான் பார்க்க முடியும். அரசர் இல்லை, தலைவர் இல்லை.

இதை வரைந்தவர் லக்கி சேனாநாயக்க (1937–2021). ஜெஃப்ரி பாவாவின் கட்டடக்கலை அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவர். வீட்டுத் திட்டப்படத்தில் மரத்தை வெறும் வட்டமாகப் போடாமல், இலை இலையாக வரைந்தவர். கோட்டே பாராளுமன்றத்தில் தொங்கும் வெள்ளி ஓலை விளக்கும், கண்டலம ஹோட்டலின் பெரிய ஆந்தையும் அவருடைய கைதான். 1943இல் கொழும்பில் தொடங்கிய ‘43 குழு’, நவீன ஓவியத்தை இந்த நாட்டுக்குச் சொந்தமாக்கப் பார்த்தது. அதற்கு அடுத்த தலைமுறையில் வந்த லக்கி, அந்த வேலையைச் சுவரிலிருந்து சட்டைப்பைக்குக் கொண்டு வந்தார் என்பது எங்கள் கணிப்பு.

2, 5, 10, 20, 50, 100 என்று ஆறு தாள்கள். ஆறிலும் இந்தத் தீவின் உயிர்களும் செடிகொடிகளும் மட்டும். இது லேசுப்பட்ட துணிச்சல் இல்லை. காசுத்தாளில் மனித முகம் போடுவதற்கு மரியாதை மட்டும் காரணமில்லை. முகத்தில் ஒரு கோடு பிசகினாலும் எங்கட கண்ணுக்கு உடனே படும், கள்ளத்தாள் பிடிபடும். முகத்தை எடுத்துவிட்டால் அந்தக் காவலை வேறொன்று செய்யவேண்டும். லக்கியின் தாள்களில் செதிலும் இறகும் இலை நரம்புமாக ஓடும் மெல்லிய கோடுகளை உற்றுப் பாருங்கள், விளங்கும்.

நவீன வடிவமைப்பில் காசுத்தாள் என்றாலே உலகம் ஒல்லாந்தைக் காட்டும். ஊட்யே ஒக்செனார் வரைந்த சூரியகாந்தி 50 கில்டர் தாள் மிகப் பிரசித்தம். அது வந்தது 1982இல்! எங்கட மீன் மூன்று வருஷம் மூத்தது. (கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்திலிருந்து இதை எழுதும்போது கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருக்கு.) அமெரிக்காவில் அண்டி வார்ஹோல் 1962இல் 200 ஒரு டொலர் தாள்களைப் பட்டுத்திரை அச்சில் ஓவியமாக்கினார். 2009இல் அது 4 கோடி டொலருக்கு மேல் ஏலம் போனது. அவர் காசை ஓவியமாக்கினார். இங்கே ஒருவர் ஓவியத்தைக் காசாக்கினார். அதன் விலை ரெண்டு ரூபா, மீன் விற்பவரின் மடியிலும் இருந்தது.

ஆனால் நீடிக்கவில்லை. 1982 திகதியிட்ட அடுத்த தொடரிலேயே விலங்குகள் போய், புராதனச் சின்னங்களும் தலதா மாளிகையும் வந்தன. அவை அழகில்லை என்று நாங்க சொல்லல்ல. ஆனா ஒரு மீன் யாருடையது என்று எவரும் கேட்டதில்லை. புராதனம் யாருடையது என்ற கேள்வியில்தான் இந்த நாடு எவ்வளவோ இழந்தது. 1979இன் தாளில் சிங்களவருக்கும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒரே அளவு இடம் இருந்தது, ஏனென்றால் அதில் மனிதர் யாருமே இல்லை. இதை நல்ல விஷயமாக எடுப்பதா, சோகமாக எடுப்பதா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை.

ரெண்டு தாளையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நுரைச்சோலை பெரிசா நடுவில நிக்குது. அந்தத் திட்டத்துக்கு எங்கட கரையில் எதிர்ப்பு இருந்ததும் வரலாறுதான், அது தாளில் இல்லை. குருவி ஓரத்துக்குப் போயிட்டுது. பழைய தாளிலோ மீனுக்குத்தான் இடம் முழுக்க.

ஸ்கேன் பண்ணக் கேட்டோம். உம்மும்மா வெளியே கொண்டுபோக விடல்ல. ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, திரும்ப டின்னுக்குள்ள வெச்சிட்டு வந்தோம்.