பேய் பேசும் பாஷை: ‘மணிச்சித்திரத்தாழ்’ முதல் ‘சந்திரமுகி 2’ வரை

2005 சித்திரைப் புத்தாண்டன்று ‘சந்திரமுகி’ வெளியானபோது, நிந்தவூரில் சுனாமி அடித்து நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கரையோரத்தில் வீடு இழந்தவர்கள் கூடாரங்களிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் இருந்தார்கள். படம் எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு திருட்டு சீடியில். தியேட்டரில் எழுந்து போகிறவரின் தலை திரையின் ஓரத்தில் தெரியும். ஜோதிகாவின் கண்ணைப் பார்த்துப் பயந்தோம், வடிவேலு பயந்ததைப் பார்த்துச் சிரித்தோம். பல மாதங்களுக்குப் பிறகு எங்கள் வீட்டில் பெரியவர்களும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

அந்தக் கதை மலையாளத்திலிருந்து வந்தது என்பதே எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியும். ஃபாசில் இயக்கி, மது முட்டம் எழுதிய ‘மணிச்சித்திரத்தாழ்’ 1993 டிசம்பர் 25இல் வெளியானது. பூட்டிக் கிடந்த பழைய தரவாட்டு வீட்டுக்குக் குடிவரும் கங்கா, அங்கே கொல்லப்பட்ட நாகவல்லி என்ற நடனக்காரியாகத் தன்னை நம்பத் தொடங்குகிறாள். கணவன் நகுலனின் நண்பரான மனநல டொக்டர் சன்னி அதைக் கண்டுபிடிக்கிறார். ஷோபனாவுக்கு இந்தியாவின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. 2004இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’, அடுத்த வருடம் தமிழில் ‘சந்திரமுகி’, 2007இல் ஹிந்தியில் ‘பூல் புலையா’ என்று கதை ஊர் ஊராகப் போனது. கன்னடத்தையும் தமிழையும் இயக்கியவர் பி. வாசு. ஹிந்தியை இயக்கிய பிரியதர்ஷன், மூலப் படத்தில் ஃபாசிலுக்கு உதவிய இயக்குநர்களில் ஒருவர்.

ரசிகர் சண்டையும் கூடவே போனது. ஷோபனாவா, ஜோதிகாவா என்ற கேள்வி இருபது வருடமாக ஓயவில்லை. மலையாளப் படத்தின் ரசிகர்கள் சொல்லும் குறை நியாயமானதுதான். மோகன்லால் அவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தும், படம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடிய பிறகே திரையில் வருகிறார். தமிழில் ரஜினி சண்டையோடு உள்ளே வருகிறார். சந்திரமுகியின் அறையில் ஒரு பெரிய பாம்பு ஏன் கிடக்கிறது என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. ‘பேய் இல்லை, நோய்தான்’ என்று சொல்ல வந்த கதைக்குள் அந்தப் பாம்பு எதற்கு?

தமிழ் ரசிகர்களிடமும் பதில் இருக்கிறது. ‘பாபா’வின் தோல்விக்குப் பிறகு ரஜினியை மீட்ட படம் அது. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. அந்தப் பாம்பு இல்லாவிட்டால் எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் அவ்வளவு ஆசையாக உட்கார்ந்திருக்கவும் மாட்டார்கள்.

இந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. மலையாளப் படத்தில் பேயாக வருகிறவள் தஞ்சாவூர்த் தமிழச்சி, அவள் கோபப்படுவது தமிழில். அந்தத் தமிழ்க் குரல் துர்கா என்ற கலைஞருடையது என்பதை ஃபாசில் வெளியில் சொன்னது 2016இல்தான். அதுவரை ரசிகர்கள் வேறொருவரையே பாராட்டிக்கொண்டிருந்தார்கள். கதை கன்னடத்துக்கும் தமிழுக்கும் வந்ததும் பேய் தெலுங்கு பேசியது, ஹிந்தியில் வங்காளம் பேசியது. எந்த ஊரில் எடுத்தாலும் பேய்க்குப் பக்கத்து ஊர்ப் பாஷைதான். எங்கள் மூத்தம்மா சொன்ன கதைகளில் பேய் காரைதீவுப் பக்கமிருந்து வரும். காரைதீவில் வளர்ந்த என் சினேகிதியிடம் இதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய அம்மம்மா சொன்ன கதையில் அது நிந்தவூர்ப் பக்கமிருந்து வருமாம்.

பின்னால் வந்த இரண்டாம் பாகங்கள் நோயைக் கைவிட்டுப் பேயை எடுத்துக்கொண்டன. 2022இன் ‘பூல் புலையா 2’இல் பேய் நிஜம். 2023 செப்டெம்பரில் வந்த ‘சந்திரமுகி 2’இலும் அப்படியே. பழைய ரசிகர்கள் இதில் கோபப்பட்டதை வெறும் பழம்பாசம் என்று நான் ஒதுக்கமாட்டேன். மூலக் கதையில் கங்காவின் நோய்க்கு ஒரு வேர் இருந்தது. தாய் தகப்பன் கல்கத்தாவில் இருக்க, பாட்டியிடம் தனியே வளர்ந்த பிள்ளை அவள். பின்பு அந்தப் பாட்டியிடமிருந்தும் பிரித்துக் கொண்டுபோகப்பட்டவள். பேயை நிஜமாக்கினால் அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கத் தேவையில்லை.

அந்தக் கேள்வி இங்கே சினிமாவோடு நிற்பதில்லை. யுத்தத்திலும் சுனாமியிலும் பிள்ளையை, புருஷனைப் பறிகொடுத்த பெண் ராத்திரியில் எழுந்து வேறு குரலில் பேசினால், நாங்கள் ஜின் என்போம், தமிழ் ஊர்களில் பேய் என்பார்கள். 2005க்குப் பிறகு மூன்றாவதாக ஒரு பெயரும் சேர்ந்தது. எங்கள் ஒழுங்கையில் அப்படி இருந்த ஒருவரைப் பிள்ளைகள் ‘சந்திரமுகி’ என்று கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டிருக்கிறேன். அவர் வீட்டில் இரண்டு ஜனாசா போயிருந்தது எங்களுக்குத் தெரியாததல்ல.

ஓதித் தண்ணீர் கொடுப்பதா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா என்று வீடுகளில் சண்டை வரும். மூலப் படம் இதில் நிதானமாக இருந்தது. திலகன் நடித்த மந்திரவாதியான நம்பூதிரி டொக்டரை விரட்டவில்லை, டொக்டரும் அவரைக் கேலி செய்யவில்லை. இருவரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். படத்தில் ஒரே இரவில் நோய் தீர்ந்துவிடுவது மட்டும் சினிமா. நிஜத்தில் அது மாதக்கணக்கான மருந்தும் பேச்சும், கூட இருக்கும் ஒருவரின் பொறுமையும்.

அந்தக் கடைசி இரவில் இரண்டு படங்களும் பிரிகிற இடத்தை, அண்மையில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். நாகவல்லி பழிவாங்கிவிட்டதாக நம்ப வேண்டும், அதற்கு எதிரியின் இடத்தில் உயிரோடு ஒருவர் கிடக்க வேண்டும். கடைசி நொடியில் பலகையைப் புரட்டி ஒரு பொம்மையை வைப்பார்கள். தமிழில் அந்த எதிரி வேட்டையனாக வருவது ரஜினி. மலையாளத்தில் அந்தப் பலகையில் படுத்திருப்பது அவளுடைய கணவன் நகுலன். டொக்டர் பலகையைத் திருப்புகிறவர் மட்டும்தான்.