கழிக்கும் முன்னே கொடுத்த கணக்கு

'ஸ்மார்ட் கான்ட்ராக்ட்' என்பது பணம் கைமாறும் நிபந்தனைகளை நிரலாகவே எழுதிவிடும் ஒப்பந்தம். நடுவே குமாஸ்தா கிடையாது. 2016 ஜூன் 17 அன்று, எத்தீரியத்தில் இயங்கிய 'தி டிஏஓ' என்ற பொது நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் நாணயங்கள் உருவப்பட்டன. பூட்டை யாரும் உடைக்கலை. நிரல் முதலில் பணத்தைக் கொடுத்தது. பிறகுதான் பேரேட்டில் கழித்தது. கழிக்கும் முன்பே மறுபடி மறுபடி கையை நீட்டினால்? கொடுத்துக்கொண்டே இருந்தது! நம்ம மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை இதைச் செய்வாரா?

சோதித்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். சோதனை, நாம் யோசித்த வழிகளை மட்டுமே காட்டும். எல்லா வழிகளுக்கும் சேர்த்து நிரூபணம் எழுத, பிரான்சில் தியரி கொகானும் ஜெரார் யுவேயும் 1984-லேயே அடித்தளம் போட்டார்கள். அதில் வளர்ந்ததுதான் 'காக்' (2025-இல் 'ராக்' என்று பெயர் மாறியது). நாம் எழுதும் நிரூபணத்தைக் கணினியே வரிவரியாகச் சரிபார்க்கும். சேவியர் லெராய் குழு இதைக்கொண்டு 'காம்ப்செர்ட்' என்ற கம்பைலரையே நிரூபித்தது. என் கண்ணுக்கு அதுதான் பெரிய சாதனை.

ஆனா ஒண்ணு, எதை நிரூபிப்பது என்று மனிதர்தான் சொல்லவேண்டும். 'இருப்புக்கு மேல் எவருக்கும் போகக்கூடாது' என்ற ஒரு வரியை நிரூபிக்கப் புகுந்திருந்தால், டிஏஓ நிரல் அங்கேயே மாட்டியிருக்கும். அது நடக்காததால், ஜூலை 20-இல் எத்தீரியச் சங்கிலியையே இரண்டாகப் பிளந்துதான் பணத்தை மீட்டார்கள்.